அந்தச் சாவிக்காரரைக் கொல்லாதே, பாப்பா



மூன்று நாளாக மலையில் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. சார்ஜ் இருக்கும்போதே எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் பேரன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் நான் "கட்டியங்காரன்" என்றால் அது "கட்டிய காரம்" என்று அடிக்கிறது. அதனால் பாதி விரலால், பாதி வாயால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைகளை நான் முப்பத்தொரு வருடம் பொறுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கையின் பேத்தி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பது உறவினர்களுக்குத் தெரியும். அவள் இணையத்தில் ஒரு தொடர்கதை எழுதுகிறாள் என்பது பலருக்குத் தெரியாது. மாயக்கதைதான், ஆனால் ராஜா ராணி காலத்தில் நடப்பதல்ல. இன்றைய சென்னையில், மெட்ரோ ரயிலும் ஷேர் ஆட்டோவும் ஓடுகிற தெருவிலேயே யட்சியும் நடமாடுகிறாள். இதற்கு அர்பன் ஃபேண்டஸி என்று பெயராம். சுரங்கம் தோண்டும்போது கண்விழித்த ஒரு பழைய யட்சி, அவளை எதிர்க்கிற ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், இதுதான் கதை. நன்றாகவே எழுதுகிறாள். ஒற்றுப்பிழை உண்டு, அதை அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கதையில் ஒருவர் வருகிறார். எழும்பூர் பக்கம் ஒரு பழைய கலை மையம். ஐம்பத்தைந்து வயது. காலையில் அரங்கத்தைத் திறப்பார், ராத்திரி பூட்டுவார், நடுவில் கணக்கு எழுதுவார். அலமாரியில் இருக்கும் முகமூடிகளில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து. கதாநாயகிக்கு டீ வாங்கிக் கொடுத்து யட்சியைப் பற்றிச் சொல்கிறவர் அவர்தான். எட்டு அத்தியாயம் வரை அவருக்கு ஊர் கிடையாது, குடும்பம் கிடையாது, சாப்பாடு கூடக் கிடையாது. ஒன்பதாவது அத்தியாயத்தில் யட்சி அவரைக் கொன்றுவிடுகிறாள். வெளியிடுவதற்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாள்.

போன் செய்தேன். "பாப்பா, அவரை ஏன் கொன்றாய்?"

"ஹீரோயினுக்குக் கோபம் வரணும் தாத்தா. அப்பதான் கிளைமாக்ஸ் நிக்கும்."

"வேறு வழியில் கோபம் வராதா?"

"அவர் சைடு கேரக்டர்தானே தாத்தா!"

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்தான். போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள். நீங்களும் உங்கள் பங்குக்குச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. இந்த மாதிரிக் கதை நமக்குப் புதிதல்ல. 1943-லேயே புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதிவிட்டார். சென்னைப் பட்டணத்துத் தெருமுனையில் கடவுள் வந்து நின்று கந்தசாமிப் பிள்ளையிடம் வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். பிள்ளை அவரிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். நான் பாடம் நடத்தும்போது உங்களில் சிலர் சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து விழுந்தீர்கள், ஞாபகம் இருக்கும். அந்தக் கதையில் கடவுளுக்குத் தனியாக என்ன இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். வரம் கொடுப்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. கந்தசாமிப் பிள்ளைக்குத்தான் வீடு, மனைவி, குழந்தை, கடன் எல்லாம். பிள்ளை இல்லாவிட்டால் கடவுள் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருப்பார். கடவுளும் தேவியும் ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஆடிக் காட்டுகிறார்கள், கலை ரசிகராகிய அந்த மனிதருக்கு அது பிடிக்கவில்லை! அந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நகரத்தில் மாயம் நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை நம்ப வைப்பது யட்சியின் பல்லோ நகமோ இல்லை, அவள் பக்கத்தில் நின்று டீ குடிக்கிற ஆள்தான். அவருக்குச் சம்பளம் எவ்வளவு, எந்த பஸ்ஸில் வருகிறார், மகள் எந்த காலேஜ் என்று எனக்குத் தெரிந்தால்தான் அவர் "யட்சி இருக்கிறாள்" என்று சொல்லும்போது முதுகு சிலிர்க்கும். முகவரி இல்லாத ஆள் சொல்வதை யார் நம்புவார்கள்?

இப்போது கூத்துக்கு வருகிறேன். நம் திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கூத்து தொடங்கும், விடிகிற வரைக்கும் நடக்கும். இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன், கிரீடமும் புஜக்கட்டையும் மினுக்க, காலில் சலங்கை குலுங்க நிற்பான். தலை மட்டும் தெரியும். அவன் யார் என்று அவனாகச் சொல்லிவிட முடியாது. ஒருவன் கேட்க வேண்டும். அந்த ஒருவன்தான் கட்டியங்காரன்.

அரசன் வருகையை அறிவிப்பதற்குக் கட்டியம் கூறுதல் என்று பெயர். அதைச் செய்கிறவன் கட்டியங்காரன். (சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் என்று ஒரு மந்திரி வருவான். அரசன் சச்சந்தனைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொண்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டையும் ஒரே மூச்சில் நடத்தி ஒரு வகுப்பையே குழப்பியிருக்கிறேன்.) கூத்துக் கட்டியங்காரன் எந்த நாட்டையும் பிடிப்பதில்லை. ஆனால் அவனுக்கு இருக்கிற உரிமை துரியோதனனுக்குக் கூட இல்லை. ராஜா பாட்டிலேயே பேச வேண்டும், துவாபர யுகத்தை விட்டு வெளியே வர முடியாது. கட்டியங்காரன் நம் ஊர்ப் பேச்சில் பேசுவான். பஸ் வரவில்லை என்பான், ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பான், முன்வரிசையில் தூங்குகிற கவுண்டரை எழுப்பிவிடுவான். அடுத்த நொடி அஸ்தினாபுரத்து அரண்மனை வாசலில் கைகட்டி நிற்பான். இரண்டு உலகத்துக்கும் போகவர வழி தெரிந்த ஒரே ஆள்.

அது மட்டுமில்லை. ராஜாவை அவன் கேள்வி கேட்பான். போளூர் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதம் முடிகிற வாரம், துகில் உரிதல் பார்த்துக்கொண்டிருந்தேன். துச்சாதனன் திரௌபதியை இழுத்து வருகிறான். சபையில் பெரியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், பீஷ்மர் உள்பட. அதுவரைக்கும் மூன்று மணி நேரம் எங்களைச் சிரிக்க வைத்த கட்டியங்காரன் மட்டும் குறுக்கே போய் நின்று, உன் வீட்டில் பொம்பளைப் பிள்ளை இல்லையா என்று கேட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பீஷ்மர் கேட்காத கேள்வி அது. அவனை "சைடு கேரக்டர்" என்று சொல்வீர்களா?

பேத்தி உடனே சொல்வாள், அதெல்லாம் பழைய காலம் தாத்தா என்று. சரி, இந்தக் காலத்துக்கே வருகிறேன்.

புஞ்சை என்ற கிராமத்தில் பிறந்து சென்னைக்கு வந்தவர் ந. முத்துசாமி. எழுத்தாளர். நம் புரிசைக் கூத்தைப் பார்த்து அதில் விழுந்துபோனவர். நவீன நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் கூத்திலேயே இருக்கிறது என்று சொல்லி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்ப தம்பிரானிடம் பட்டணத்து நடிகர்கள் அடவு கற்றார்கள். 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018-ல் காலமானார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே தேறியவர்கள்தான்.

அந்தக் கூத்துப்பட்டறையில் கணக்கு எழுத ஒரு பையன் சேர்ந்தான். பி.காம். படித்தவன், துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே நடிப்பைப் பிடித்தான். பிறகு பல வருடம் சினிமாவில் நண்பனாக, கூட்டத்தில் ஒருவனாக வந்து போனான். 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010-ல் வந்தபோதுதான் கதாநாயகன் ஆனான். விஜய் சேதுபதியைத்தான் சொல்கிறேன். (அவன் இவன் என்று எழுதியதற்கு அவருடைய ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இந்த வயதில் எனக்கு எல்லாருமே பையன்கள்தான்.)

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்ன தெரியுமா? கதாநாயகனாகி இத்தனை வருடம் கழித்து அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. எதற்கு? சிறந்த துணை நடிகருக்கு. 2019-ல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பா என்ற திருநங்கையாக நடித்ததற்கு. அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? ஒரு பக்கம் குழந்தையை விட்டுப் போன அப்பா புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறார். இன்னொரு பக்கம் நகரத்துத் தெருவில் ஒரு வேற்றுக்கிரகப் பெண் நடமாடுகிறாள். பாப்பா, நீ எழுதுகிற அதே ஜாதிக் கதை! (வேற்றுக்கிரகத்தார் வருவதாக இருந்தால் முதலில் நம் காவலூர் தொலைநோக்கிக்குத்தான் தெரிந்திருக்கும் சார் என்று என் மாணவன் ஒருவன் அப்போது கேலி செய்தான்.) கலை மையத்தில் கணக்கு எழுதிய ஆள், மாயம் நடக்கிற நகரத்துக் கதையில் துணைப் பாத்திரம். உன் சாவிக்காரர் நிஜமாகவே இருந்திருக்கிறார் என்றுதான் சொல்கிறேன். அவரை ஒன்பதாவது அத்தியாயத்தில் கொன்றிருந்தால் நமக்கு ஷில்பா கிடைத்திருப்பாளா?

குரு சோமசுந்தரத்தையும் பாருங்கள். 2021-ல் வந்த 'மின்னல் முரளி' மலையாளப் படம். ஒரு சின்ன ஊர். ஒரே ராத்திரியில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது, இரண்டு பேருக்கும் சக்தி வருகிறது. ஒருவன் தையற்காரன், கதாநாயகன். இன்னொருவன் டீக்கடையில் வேலை பார்க்கிற, ஊர் ஒதுக்கி வைத்த ஷிபு. படம் முடிந்த பிறகு யார் மனதில் நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களைக் கேளுங்கள். கதாநாயகன் நல்ல பையன்தான், ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தது ஷிபு.

புரிசைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய ஒரு சிறுகதை. பெரிய சிறகுகள் வைத்த ஒரு கிழவர் மழை நாளில் ஒரு வீட்டு முற்றத்தில் சேற்றில் விழுந்து கிடக்கிறார். தேவதையோ என்று சந்தேகம். வீட்டுக்காரர்கள் அவரைக் கோழிக் கூண்டில் அடைத்து, பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்குகிறார்கள். அந்தக் கதையைப் புரிசையில் தெருக்கூத்தாகவே ஆக்கினார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தேவலோகத்து ஆளையும் கோழிக் கூண்டையும் ஒரே மேடையில் வைக்கக் கூத்துக்காரனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன? ஆயிரம் தடவை அர்ச்சுனனைத் தபசு மரத்தில் ஏற்றி ஊருக்கு மேலே உட்கார வைத்தவர்கள் அவர்கள்.

சரி, இதுவரை துணைப் பாத்திரத்தைப் புகழ்ந்து எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது எனக்கு அவ்வளவு சுகமான பகுதி இல்லை.

துணைப் பாத்திரம் உயர்ந்தது என்று சொல்லிச் சொல்லியே சிலரை நாம் எப்போதும் துணையாகவே வைத்திருக்கிறோம். இந்த மலையில் இத்தனை வருடம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். எந்தப் படத்திலாவது மலைக்காரர் வந்தால் அவர் யார்? வழிகாட்டி. பட்டணத்துக் கதாநாயகனுக்குத் தேன் கொடுப்பார், மூலிகை கொடுப்பார், இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவார். எந்த விழாவிலாவது பெரிய மனிதர் வந்தால் மலைவாழ் மக்கள் நடனமாடி வரவேற்றார்கள் என்று பேப்பரில் ஒரு வரி வரும். ஆடியவர்கள் பெயர் வராது. இங்கே இருக்கிற மக்களுக்கு மலையாளி என்று பெயர் (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்கிறவர் என்று இவர்கள் பொருள் சொல்வார்கள்). தங்கள் பெயரிலேயே ஆட்சி வைத்திருக்கிறவர்களுக்கு நம் கதைகளில் கிடைப்பது எடுபிடி வேஷம்.

போன வருடம் 'ஜமா' என்ற படத்தை மறுபடியும் பார்த்தேன். 2024-ல் வந்தது. நம் பக்கத்துக் கூத்துக் குழுவைப் பற்றியது. எப்போதும் பெண் வேஷமே கொடுக்கப்படுகிற ஒருவன் அர்ச்சுனன் வேஷம் கட்ட ஆசைப்படுகிறான், வாத்தியார் கொடுக்க மறுக்கிறார். படம் முழுக்க எனக்கு அந்த வாத்தியார் மேல் கோபம். பாதியில் சட்டென்று கோபம் போய்விட்டது. வேஷம் பிரித்துக் கொடுத்த வாத்தியார் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்.

தொண்ணூறுகளின் நடுவில் மலையில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழா. துரியோதனன் சபையை நாடகமாகப் போட்டேன். வசனம் நானே எழுதினேன், செந்தமிழில். துரியோதனன் வேஷம் கீழேயிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்துப் பையனுக்கு. உச்சரிப்பு சுத்தம், ழகரம் நன்றாக வரும். மலைப் பையன் ஒருவன் இருந்தான். குரல் மணி மாதிரி. மூன்று முறை வந்து ராஜா வேஷம் கேட்டான். உன் பேச்சு கொச்சை, ராஜாவுக்கு ஒத்துவராது என்று சொல்லிக் கட்டியங்காரன் வேஷத்தைக் கொடுத்தேன். அதுவும் நிஜக் கட்டியங்காரன் இல்லை. மாமன்னர் வருகிறார் என்று இரண்டு வரி, பிறகு ஓரமாக நிற்க வேண்டும். கட்டியங்காரனின் வாயைக் கட்டிவிட்டு அவனைக் கட்டியங்காரன் என்று நிறுத்தினேன். தமிழாசிரியன் செய்த வேலை.

விழா அன்று ராஜாவுக்கு வசனம் மறந்துபோனது. பையன் மேடை நடுவில் கிரீடத்தோடு மரம் மாதிரி நிற்கிறான். நான் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தைக் கிசுகிசுக்கிறேன், அவன் காதில் விழவில்லை. கீழே கூட்டத்தில் சலசலப்பு. அப்போது என் மலைப் பையன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தான். ராஜாவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "ராசா, சாமை ஒரு படி என்னா வெலை விக்கிதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். ராஜா முழித்தான். "தெரியாதா? அப்ப புளி? பலாப்பழம்? அதுவும் தெரியாதா? அப்பறம் எதுக்கு ராசா அவ்ளோ பெரிய கிரீடம்?" என்றான். தரையில் உட்கார்ந்திருந்த மலைச் சனம் அப்படிச் சிரித்தது. அதற்கு முன்னால் எங்கள் ஆண்டு விழாவில் அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பிலேயே ராஜாவுக்கு வசனம் ஞாபகம் வந்துவிட்டது. நாடகம் பிழைத்தது.

நான் என்ன செய்தேன்? மேடையை விட்டு இறங்கியதும் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துக் கேட்டேன்: "உன்னை யார் பேசச் சொன்னது?"

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான். நான் கேட்டதால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், அவன் வீட்டில் ஆயிரம் கஷ்டம். ஆனால் அதனால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு அங்கே இருந்த மாணவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

போன மாசி மாதம் ஜமுனாமரத்தூரில் ஒரு கல்யாணம். மைக் செட், சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் ஒருவர் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தது. நரை விழுந்த மனிதர், காதில் பென்சில், கழுத்தில் ஒயர். என்னைப் பார்த்ததும் வந்து காலைத் தொட்டார். குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது. மலையில் எங்கே திருவிழா, எங்கே கூத்து என்றாலும் அவருடைய செட்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மனசு கேட்காமல் அந்த ஆண்டு விழாவைப் பற்றி எடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது, வெளியே வரவில்லை.

அவரே சொன்னார்: "யாரும் பேசச் சொல்லல சார். ராசா நின்னு போயிட்டாரு, பாவம். யாராவது பேசணும்ல."

பிறகு, "இருங்க சார், அந்த ஸ்பீக்கர் எரையுது" என்று எழுந்து போய்விட்டார்.

பாப்பா, அதனால்தான் உன் கதையைப் படித்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கோபம் உன் மேல் இல்லை. நீ அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது உன்னைக் கீழ்ச்சேப்பிளிக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? மலைமேல் பலகைக் கல்லால் கட்டின பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள். வாலியர் வீடு என்று இங்கே சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் குள்ளக் குள்ளமாக மனிதர்கள் இதில் வாழ்ந்தார்கள் என்று கதை. மற்ற பிள்ளைகள் எல்லாம் அவர்களுக்கு எவ்வளவு பலம், எப்படி இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கினார்கள் என்று கேட்டார்கள். நீ மட்டும் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "இவங்க எங்க தாத்தா சமைப்பாங்க?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை ஒரு மனிதரை எட்டு அத்தியாயம் பட்டினி போட்டுவிட்டு ஒன்பதில் கொல்கிறாள் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

சாகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதையில் சாவு வரலாம், பாரதத்தில் வராத சாவா? ஆனால் அபிமன்யு சாகிற அன்றைக்கு அவனுக்கு அப்பா அம்மா உண்டு, மாமன் உண்டு, பாதி கேட்ட பாடம் ஒன்று உண்டு. உன் சாவிக்காரருக்கு என்ன இருக்கிறது? கதாநாயகிக்குக் கோபம் வருவதற்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, இவர் கையருகே இருந்தார். அதுதான் எனக்குத் தப்பாகப் படுகிறது. குறைந்தபட்சம் யட்சியை அவர் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். கதாநாயகியையும் கேட்கட்டும். அந்தக் கலை மையத்தில் அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டா, அந்த முகமூடிகளை அவர் எப்போதாவது தன் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாரா, இதையெல்லாம் நீ தெரிந்துகொள். தெரிந்துகொண்ட பிறகும் கொல்ல மனசு வந்தால் கொல்லு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் செய்தாள். ஒன்பதாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தானாக வெளியாகும்படி முன்பே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறாளாம். மாற்றுவதாகச் சொல்லவில்லை. மாற்ற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அவருக்கு எந்த ஊர்னு வைக்கலாம் தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். புரிசைப் பக்கம் வை, பஸ் வசதி குறைவு, அவர் லீவுக்குப் போய்வரக் கஷ்டப்படட்டும் என்றேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. சார்ஜ் 11 சதவீதம் காட்டுகிறது. எட்டாம் அத்தியாயம் வரை படிக்க விரும்புகிறவர்கள் அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உறவுக்காரர்களிடம் நம்பர் இருக்கிறது. மைக் செட்காரரை அறிந்த மாணவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மழை விட்டதும் நானே ஒருநாள் நேரில் போகிறேன்.